அடம் பிடிக்கும் வயது: ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் பிள்ளையை நகர்த்துவது எப்படி

மனைவி விடிகாலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடுவார். பிள்ளைகளை எழுப்பி, பல் தேய்த்து, குளிப்பாட்டி, சாப்பிட வைத்து, வாசலைத் தாண்டவைப்பது வரை எல்லாம் என் பொறுப்பு. பெரியவனுக்கு ஆறு வயது, அவனே பார்த்துக்கொள்வான். சின்னவளுக்கு இரண்டேகால். இந்த வயதுப் பிள்ளையின் அழுகையைக் கொஞ்ச நாள் கவனித்துப் பாருங்கள். குளிக்க வரமாட்டேன் என்று புரண்டு அழுத அதே பிள்ளை, சற்று நேரத்தில் தண்ணீரை விட்டு எழுந்திருக்கமாட்டேன் என்று அழும். குளியல் மேல் அதற்கு ஒரு கோபமும் இல்லை. செய்துகொண்டிருப்பதை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போவதுதான் கஷ்டம். ஒன்று முதல் மூன்று வயது வரை பெற்றவர்கள் படும் பாட்டில் பாதி இந்த மாறுகிற இடங்களில்தான் என்பது என் கணிப்பு.

மாறப்போவதை முன்கூட்டியே சொல்லுங்கள். "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்றால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது. நமக்கே அஞ்சு நிமிஷம் என்பது பதினைந்து. கண்ணால் பார்க்கிற, கையால் செய்கிற கணக்காக இருக்க வேண்டும். "இன்னும் மூணு மக் தண்ணி, அப்புறம் துண்டு." மூன்றையும் அவளையே ஊற்றவிட்டுச் சேர்ந்து எண்ணுவேன். மூன்றாவது முடிந்ததும் துண்டுதான். இரக்கப்பட்டு நாலாவது மக் கொடுத்தால் அடுத்த நாள் எண்ணிக்கைக்கு மரியாதை இருக்காது.

கையில் ஒரு வேலை கொடுப்பதும் உதவும். பாத்ரூமை விட்டு வரமாட்டேன் என்கிறவள், "சோப்பு டப்பாவை எடுத்துட்டு வா, கீழ போட்டுடாத" என்றதும் பொறுப்பான ஆளாகிவிடுவாள். பொம்மையை வைத்துவிட்டு வரச் சொல்வதைவிட, பொம்மையையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வரச் சொல்வது எளிது.

"வேணாம்" என்ற பதிலை ஏற்க முடியாத இடத்தில் கேள்வியே கேட்காதீர்கள். "கிளம்பலாமா?" என்றால் "வேணாம்" என்றுதான் வரும், கேட்டது நாம்தானே. "கிளம்பறோம். நீலச் சட்டையா, மஞ்சளா?" இரண்டு போதும். அலமாரியைத் திறந்துவிட்டு எது வேண்டும் என்று கேட்டால் அன்றைக்குக் கிளம்பின மாதிரிதான்.

செருப்பு தனிக் கதை. "நானே" என்று சொல்லத் தொடங்கிவிட்டால் நாம் கைவைக்கக் கூடாது. சின்னவள் வாசல்படியில் உட்கார்ந்து வெல்க்ரோ பட்டையை முழுக்கப் பிரிப்பாள். வலது செருப்பில் இடது காலை நுழைப்பாள். குதிகால் வெளியே நிற்கும்போதே பட்டையை இழுத்து ஒட்டுவாள். பிரிக்கிற சத்தம் பிடித்துப்போய் மறுபடி பிரிப்பாள். நடுவில் நாம் புகுந்தால் எல்லாம் முதலிலிருந்து. இதற்கு இரண்டு ஏற்பாடு செய்துகொள்ளலாம். கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்பே செருப்பைத் தொடங்கிவிடுவது ஒன்று. செருப்பை அகலத் திறந்து நாம் பிடித்துக்கொண்டு, குதிகாலைத் தள்ளுவதையும் பட்டை ஒட்டுவதையும் பிள்ளைக்கு விடுவது இன்னொன்று. கடைசி வேலை தன் கையில் இருந்தால் முழுவதையும் தானே செய்ததாகத்தான் அவர்கள் கணக்கு. கால் மாறிப்போகிறதா? ஒரு ஸ்டிக்கரை நடுவில் வெட்டி, இரண்டு செருப்பின் உள்ளேயும் பாதிப் பாதியாக ஒட்டுங்கள். படம் சேரும்படி வைத்துப் பார்க்கப் பழகிவிடும்.

இவ்வளவு செய்தும் சில நாள் வெடிக்கத்தான் செய்யும். கத்தி உருளத் தொடங்கிய பிறகு விளக்கம் சொல்வது வீண். உணர்ச்சியை அடக்கி ஆளும் முன்மூளை முழுதாக வளர இருபது வயதுக்கு மேல் ஆகும். இரண்டு வயதில் அது எங்கே இருக்கும்? மோதக்கூடியதை நகர்த்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, "கோவம் வந்துடுச்சு, நான் இங்கதான் இருக்கேன்" என்பதோடு நிறுத்துங்கள். பசியா, தூக்கமா என்று மனதுக்குள் பாருங்கள். எதை மறுத்தோமோ அதை அழுகைக்காகக் கொடுத்துவிடக் கூடாது. சில பிள்ளைகள் அழுகிற வேகத்தில் மூச்சை நிறுத்தி, உதடு நீலமாகித் துவண்டுவிடும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு திரும்பிவிடும். பக்கவாட்டில் படுக்கவையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், முதல் தடவையானால் கண்டிப்பாக மருத்துவரிடம் காட்டுங்கள்.

வளர்ச்சிக் கணக்கில் பக்கத்து வீட்டுப் பிள்ளையை அளவுகோலாக வைக்காதீர்கள். பிடிக்காமல் நடப்பது எட்டு மாதத்திலிருந்து கிட்டத்தட்ட 18 மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு சொல்கிறது. பெரியவன் ஒரு வயதுக்கு முன்பே ஓடினான். சின்னவள் நிதானமாகப் பார்த்து வந்தாள். உள்ளே உட்காரவைத்து உருட்டும் வாக்கர் வேண்டவே வேண்டாம். அது நடையைச் சீக்கிரம் கொண்டுவராது, படிக்கட்டில் உருண்டு விழ வழிசெய்யும். கனடாவில் 2004-லேயே அதன் விற்பனையைத் தடைசெய்துவிட்டார்கள். வீட்டுக்குள் வெறுங்காலே நல்லது. 18 மாதமாகியும் நடக்கவில்லை, விரல் நீட்டிக் காட்டவில்லை, பெயர் சொன்னால் திரும்பவில்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, பேசிக்கொண்டிருந்த சொற்கள் மறைந்துவிட்டன என்றால் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

ஒரு வயதுக்கு மேல் சாப்பாடு குறைவதும் பலரைக் கலங்கவைக்கும். முதல் வருடத்தில் பிறந்த எடை மூன்று மடங்காகிறது. இரண்டாவது வருடத்தில் கூடுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சி நிதானமானால் பசியும் நிதானம். என்ன, எப்போது, எங்கே என்பதை நாம் முடிவு செய்யலாம். எவ்வளவு என்பதைப் பிள்ளைக்கு விட்டுவிட வேண்டும். பாலை நாளுக்கு அரை லிட்டருக்குள் நிறுத்துங்கள். மிஞ்சினால் பசியும் போகும், இரும்புச்சத்தும் குறையும். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். முழுக்கொட்டைகள் இப்போதைக்கு வேண்டாம்.

தூக்கம் இரண்டு வயது வரை பகலும் இரவும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம். ஒன்றரை வயது வாக்கில் பகல் தூக்கம் ஒன்றாகிவிடும். இரவில் வரிசை மாறாமல் இருந்தால் போதும்: பல், கதை, விளக்கு. கழிவறைப் பழக்கத்துக்கு வயதைப் பார்க்காமல் அறிகுறியைப் பாருங்கள். இரண்டு மணி நேரமாவது நனையாமல் இருக்க வேண்டும், ஜட்டியைத் தானே கீழே இறக்கத் தெரிய வேண்டும். கால் ஊன்ற ஒரு முக்காலி போடுங்கள். இரவு நனையாமல் இருப்பது இன்னும் வெகுநாள் கழித்துத்தான் வரும். பொத்தான் பேட்டரியைக் கண்ணில் படவே விடாதீர்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். தண்ணீர் நிறைந்த வாளியும் அதே அளவு ஆபத்து.

மாறுகிற இடங்களிலேயே கடினமானது, பிள்ளையை ஒருவரிடம் விட்டுவிட்டுப் போவது. விளையாட்டில் மூழ்கியிருக்கும்போது நழுவிவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள் அதிகம். அப்படி நழுவினால் அடுத்த நாளிலிருந்து நம் சட்டையை விடாது. முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்: "தூங்கி எழுந்து, பால் குடிச்சதும் அப்பா வந்துடுவேன்." மணிக்கணக்கு வேண்டாம், அதன் நாளில் நடக்கிற ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள். ஒரே முத்தம், கையசைப்பு, கிளம்பிவிடுங்கள். அழுகை கேட்கிறதே என்று மறுபடி உள்ளே போனால் இரண்டாவது பிரிவு முதலாவதைவிட மோசமாக இருக்கும். சொன்னபடி பால் குடித்ததும் போய்ச் சேர வேண்டும். நேரமாகும் என்று தெரிந்தால் பார்த்துக்கொள்பவருக்கு உடனே சொல்லிவிடுங்கள், அவர் பால் தம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைக்கட்டும்.