தனியாக மாவு தேய்க்காமல் போர்த்துகீசியப் பால் டார்ட்

அரை லிட்டர் பால், 250 கிராம் சர்க்கரை, 4 முட்டை, 120 கிராம் மைதா, 50 கிராம் உருக்கிய வெண்ணெய், கொஞ்சம் எலுமிச்சைத் தோல் துருவல். இவற்றைக் கட்டியில்லாமல் அடித்து, வெண்ணெய் தாராளமாகத் தடவிய மஃபின் தட்டில் நேரடியாக ஊற்றி, ஓவனில் 180 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 40 நிமிடம் வேகவையுங்கள். போர்த்துகல் வீடுகளில் செய்யும் ‘கெய்ஜாடா’ வகை இது. டார்ட்டுக்கு அடியில் வரும் மாவு ஓட்டைத் தனியாகச் செய்யும் வேலையே கிடையாது.

கரைசல் தோசை மாவைவிட நீர்த்திருக்கும், பயப்பட வேண்டாம். சூடான உலோகத்தைத் தொடும் ஓரம் முதலில் இறுகிச் சிவந்து, தானே ஓடாகிவிடும். நடுப்பகுதி கஸ்டர்டாகவே நிற்கும். மைதா அடியில் தங்கும் என்பதால் ஒவ்வொரு முறை ஊற்றும் முன்பும் கலக்கிவிடுங்கள். ஓவனிலிருந்து எடுத்ததும் உப்பல் அமுங்கும், அது இயல்புதான். நன்றாக ஆறிய பிறகே தட்டிலிருந்து எடுங்கள். அவசரப்பட்டால் உடையும்.

சிலிக்கோன் அச்சில் ஓரம் இப்படிச் சிவக்காது. லிஸ்பனின் புகழ்பெற்ற முட்டைக் கஸ்டர்ட் டார்ட்டான ‘பாஸ்டெல் டி நாட்டா’வுக்கும் இந்த வழி உதவாது, அதற்கு அடுக்கடுக்கான பஃப் மாவும் இன்னும் கடுமையான சூடும் வேண்டும்.