ரயில் போன தடத்திலும் நீர் போகும் கரையிலும்: சரளைப் பாதையில் சைக்கிள் ஓட்டத் தொடங்குவோருக்கு

தார்ச்சாலையை விட்டிறங்கிச் சரளையிலும் பொடிக்கல்லிலும் சைக்கிள் ஓட்டிப் பழக விரும்புகிறவர் முதலில் தேட வேண்டியது விலை கூடிய சைக்கிளை அன்று, ஏற்ற இறக்கம் குறைந்த ஒரு நீண்ட தடத்தையே. இங்கிலாந்தின் டெர்பிஷயரில், சுண்ணாம்புக்கல் மலைகளுக்கு நடுவே, ரயில் நின்றுபோன பழைய தடங்களைச் சைக்கிள் பாதைகளாக மாற்றியிருக்கிறார்கள். வேலை நிமித்தமாக அங்கிருந்த இரண்டு ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்டது அந்தத் தடங்களில்தான். ஊருக்குத் திரும்பி, பாளையங்கோட்டையில் என் தங்கை மகனுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியபோது, அதே பாடத்துக்குத் தாமிரபரணியின் கால்வாய்க் கரைகள் போதும் என்று கண்டுகொண்டேன்.

அதற்குக் காரணம் உண்டு. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் செங்குத்தாக ஏறாது. ஆகவே ரயில் பாதை போடுகிறவர்கள் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் தடத்தைச் சமமாக்குகிறார்கள். கால்வாய் வெட்டுகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள். டெர்பிஷயரின் கிராம்ஃபோர்டு – ஹை பீக் ரயில் பாதைக்கு முன்னோடியாக முதலில் யோசிக்கப்பட்டது ஒரு கால்வாய். சுண்ணாம்புக்கல் மேட்டில் அதற்குப் போதிய நீர் கிடைக்காது என்பதால், ஜோசையாஸ் ஜெஸ்ஸப் என்ற பொறியாளர் வகுத்த திட்டப்படி ரயில் பாதை அமைத்து இரு புறத்துக் கால்வாய்களையும் இணைத்தார்கள். 1831-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட அந்தப் பாதையின் நிலையங்களுக்குப் படகுத்துறை என்று பொருள்படும் ‘வார்ஃப்’ என்ற பெயரே வழங்கியது.

நம் மாவட்டத்தில் அப்படி ஒரு பழைய ரயில் தடம் சைக்கிளுக்குக் கிடைக்காது. செங்கோட்டை, திருச்செந்தூர் வழிகளில் மீட்டர் கேஜ் இருந்த தடத்திலேயே அகலப் பாதை போடப்பட்டு ரயில்கள் ஓடுகின்றன. ரயில்வே நிலத்தில் அத்துமீறி நுழைவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி குற்றம்; தண்டவாளத்தை ஒட்டிய ஒற்றையடிப் பாதை எவ்வளவு ஆசை காட்டினாலும் அதில் இறங்காதீர்கள்.

முதல் படி: டயரும் காற்றும்

இந்தப் படியில் நான் நெடுநேரம் நிற்பேன், ஏனென்றால் தொடக்கத்தில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. சரளைப் பாதைக்கென்றே செய்யப்படும், வளைந்த ஹேண்டில்பார் உள்ள கிராவல் சைக்கிள் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் 38 முதல் 45 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர் பொருந்தும் எந்தச் சைக்கிளும் போதும். நம் ஊர்க் கடைகளில் காற்றுப் பிடிக்கும்போது டயரைக் கல் போல் இறுக்கிக் கொடுப்பதே வழக்கம். தார்ச்சாலைக்கு அது பொருந்தும். சரளையிலோ, இறுகிய டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளுகிறது. துள்ளும் சக்கரத்துக்குத் தரையில் பிடிப்பு இராது. காற்றைக் குறைத்தால் டயர் கல்லின் மேல் சற்று அமுங்கி, அதைச் சுற்றிப் படிந்து உருளும்.

ஏறத்தாழ 65 கிலோ எடையுள்ளவர், டியூப் உள்ள 40 மில்லிமீட்டர் டயரில், முன்சக்கரத்துக்கு 38, பின்சக்கரத்துக்கு 42 பி.எஸ்.ஐ. (பம்பு காட்டும் காற்றழுத்த அளவு) என்று தொடங்கலாம். உடல் எடையில் பெரும்பகுதி பின்சக்கரத்தின் மேல் விழுவதால் அங்கே கொஞ்சம் கூடுதல் வேண்டும். கல்லில் ஏறும்போது ரிம்மில் ‘டக்’ என்று இடித்தால் 3 பி.எஸ்.ஐ. கூட்டுங்கள். என் மருமகன் முதல் நாள் டயரை அழுத்திப் பார்த்துவிட்டு, “மாமா, காத்தே இல்லியே, இத எப்படி ஓட்ட?” என்று கேட்டான். கரையில் 100 மீட்டர் ஓட்டிய பிறகு அந்தக் கேள்வி மீண்டும் வரவில்லை. அளவு காட்டும் பம்பு ஒன்றை அவசியம் வாங்குங்கள். கைவிரலால் அழுத்திப் பார்த்து 38-க்கும் 50-க்கும் வேறுபாடு சொல்வது பழகியவர்களுக்கே கடினம்.

டெர்பிஷயரில் எனக்கு நேராத ஒரு தொல்லை இங்கே உண்டு: சீமைக்கருவேல முள். கூடுதல் டியூப் ஒன்று, டயர் கழற்றும் லீவர் இரண்டு, சிறிய பம்பு ஆகியவை எப்போதும் உடனிருக்க வேண்டும். டியூப் மாற்றும் முன், டயரின் உட்புறம் முழுவதையும் ஒரு துணியால் மெதுவாகத் துடைத்து, மாட்டிக்கொண்டிருக்கும் முள்ளைக் கண்டுபிடித்து எடுங்கள். இதைச் செய்யாமல் புது டியூபை மாட்டினால் அடுத்த சில நிமிடங்களில் அதுவும் இறங்கிவிடும்.

இரண்டாம் படி: கையும் உடலும்

ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காதீர்கள். முழங்கைகளைச் சற்று மடக்கி, தோள்களைத் தளர்த்தி, முன்சக்கரம் இப்படியும் அப்படியும் சிறிது அலைவதற்கு இடம் கொடுங்கள். சக்கரம் தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும். பார்வை முன்சக்கரத்தின் மேல் இருக்கக் கூடாது, 10 அல்லது 15 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். உதிரிக் கற்களில் முன் பிரேக்கைத் திடீரென்று பிடித்தால் சக்கரம் வழுக்கும். ஆகவே திருப்பத்துக்கு முன்பே இரண்டு பிரேக்குகளையும் மெல்லப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, திருப்பத்தில் பிரேக்கை விட்டு உருளுங்கள். லேசான கியரில், கால்களை நிறுத்தாமல் சீராகச் சுழற்றுவது பின்சக்கரத்தின் பிடிப்பைக் காக்கும்.

மூன்றாம் படி: கால்வாய்க் கரை

சேரன்மகாதேவிக்கும் பத்தமடைக்கும் இடையே கன்னடியன் கால்வாயை ஒட்டிச் சைக்கிள் போகும் அளவுக்குக் கரை அகன்றிருக்கும் பகுதியைத் தேர்ந்தெடுத்து, முதலில் ஒருமுறை நடந்து பாருங்கள். நீரைச் சுமப்பதால் கால்வாய் மிக மெதுவாகவே சரிகிறது. அதன் கரையில் ஓட்டும்போது ஏற்றம் என்ற கவலையே இன்றி, மேற்சொன்ன கைப்பழக்கத்தில் மட்டும் மனத்தைச் செலுத்த முடிகிறது. காலை 6 மணிக்குத் தொடங்கி, முதல் வாரம் போக 3 கிலோமீட்டர், வர 3 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று பலமாக வீசும். புத்துணர்ச்சியோடு இருக்கும்போதே மேற்கு நோக்கிக் காற்றை எதிர்த்துப் போய்விட்டு, களைத்த பிறகு காற்றோடு திரும்புவதே முறை. மழை பெய்த மறுநாள் கரைக்குப் போக வேண்டாம். ஈரக்களிமண் வழுக்கும், ஒரு பக்கம் நீர் இருக்கிறது. எதிரே ஆடு மாடு வந்தால் இறங்கி நின்று வழிவிடுங்கள். அந்தக் கரை நமக்கு முன்பே அவற்றை மேய்ப்பவர்களின் வழி.

நான்காம் படி: சுண்ணாம்புக்கல்

கரை பழகிய பின் தாழையூத்துப் பக்கம் போகலாம். சங்கர்நகர் சிமெண்ட் ஆலை 1949-இல் தொடங்கப்பட்டதற்கு அப்பகுதியில் கிடைத்த சுண்ணாம்புக்கல்லே காரணம். குவாரிக்குள்ளோ அதன் விளிம்புக்கோ போகாமல், சுற்றுவட்டாரத்தின் பொது மண்பாதைகளில் மட்டும் ஓட்டுங்கள். கூர்முனையுள்ள உதிரிக் கல் எப்படிப்பட்டது என்பதை இங்கே கை உணரும். சுண்ணாம்புப் பொடி நனைந்தால் பசை போலாகிச் செயினிலும் பிரேக்கிலும் அப்பிக்கொள்ளும். காய்ந்த பின் உராய்ந்து செயினைத் தேய்க்கும். வீடு வந்ததும் அது காய்வதற்குள் வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, செயின் நன்றாக உலர்ந்த பிறகே எண்ணெய் விடுங்கள்.

டெர்பிஷயர் பக்கம் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்கள் டிசிங்டன் தடத்தில் தொடங்கலாம். ஆஷ்போர்னிலிருந்து பார்ஸ்லி ஹே வரை 21 கிலோமீட்டர் நீளும் அதன் வழியில் வாடகைக்குச் சைக்கிளும் கிடைக்கும். அடுத்து ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள மொன்சால் தடம். 2011-இல் திறந்துவிடப்பட்ட அதன் குகைப்பாதைகளில் பகலில் மட்டுமே விளக்கெரியும் என்பதால் சொந்த விளக்கு வேண்டும். முன்பு சொன்ன கிராம்ஃபோர்டு – ஹை பீக் ரயில் பாதையில் அமைந்த ஹை பீக் தடத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் மிடில்டன் சரிவு ஏறத்தாழ 8 அடிக்கு 1 அடி இறங்குகிறது. சாதாரண ரயில் எஞ்சின் ஏற முடியாத அந்த இடத்தில், மேலே நிலையாக நிறுத்தப்பட்ட 1829-ஆம் ஆண்டின் நீராவி எஞ்சின்தான் வண்டிகளை இழுத்தது. அங்கே சீட்டின் பின்புறமாக உடலைத் தள்ளி, இரண்டு பிரேக்குகளையும் விட்டு விட்டுப் பிடித்து இறங்க வேண்டும். நடந்து வருகிறவர்கள் எதிர்ப்பட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.