எரிமலைத் தீவில் நடக்கப் போறீங்களா? முதல்ல மாடிப்படி!

போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளுக்குக் கிளம்பும் நம்ம ராமநாதபுரம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு குறிப்பு. மன்னார் வளைகுடாவின் தீவுகள் தட்டையான பவளத்திட்டுகள். அசோர்ஸின் 9 தீவுகளும் எரிமலை கக்கி எழுந்தவை. அங்குள்ள பிக்கோ சிகரத்தின் உயரம் 2,351 மீட்டர். ராமேஸ்வரத்தில் நமக்கு உயரம் என்றாலே கந்தமாதன பர்வதம்தானே!

அரிச்சல்முனை மணலில் நடந்து பழகினால் கெண்டைக்கால் தேறும், முழங்கால் தேறாது. வலி வருவது இறக்கத்தில்தான். அதனால் முதுகுப்பையில் இரண்டு லிட்டர் தண்ணீரைப் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குங்கள். இறங்கும்போது நிதானமாக.

செருப்பு சரிப்படாது. மழை பட்ட பாசிப் பாறை எண்ணெய் தடவின மாதிரி வழுக்கும். நல்ல பிடிப்புள்ள ஷூ வாங்கி, ஊரிலேயே போட்டுப் பழக்கிவிடுங்கள். அந்தக் காற்றுக்குக் குடை நிற்காது, மழைக்கோட்டுதான்.

ஒரே நாளில் வெயில், மழை, மூடுபனி எல்லாம் வரும். ஸ்பாட்அசோர்ஸ் (SpotAzores) இணையதளத்தின் நேரலைக் கேமராவில் மேகம் விலகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இல்லையென்றால் செத்தே சிதாதேஸ் ஏரிக்குப் பதில் வெள்ளைப் புகைதான் தெரியும். பிக்கோ ஏறுவதற்கு முன்பதிவு அவசியம்.

ஃபுர்னாஸ் என்ற ஊரில் பூமிச் சூட்டிலேயே வேகவைக்கும் கொசீதோ என்ற உணவில் மாடு, பன்றி இரண்டும் உண்டு. சாப்பிடாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.