கறுப்பாக இருந்தால் வண்டல் ஆகிவிடுமா? கழிவுநீர்க் கசடைப் போடும்போது நடக்கும் தவறுகள்

சோழவரம் பக்கம் அரை ஏக்கர் வைத்திருக்கும் என் மச்சான், போன கோடையில் ஒரு டிப்பர் லோடு இறக்கினார். "ஏரி வண்டல் மாதிரியே இருக்கு மாமா, நாத்தமே இல்ல" என்றார். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தேன். விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தது, கூடவே ஷாம்பு பாக்கெட்டின் ஒரு துண்டு. அது வண்டல் இல்லை, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் சாக்கடைத் தண்ணீரிலிருந்து பிரியும் கசடு.

கண்ணையும் மூக்கையும் நம்புவதுதான் முதல் தவறு. சென்னை கொடுங்கையூர் போன்ற நிலையங்களில் கசடைக் காற்றுப் புகாத தொட்டியில் செரிக்க விட்டு, வரும் வாயுவில் மின்சாரம் எடுக்கிறார்கள். நாற்றம் அங்கேயே பெருமளவு அடங்கிவிடும். ஆனால் தொட்டிக்குள் சூடு சுமார் 35 டிகிரிதான். குடற்புழு முட்டைக்கு அது ஒன்றுமே இல்லை. மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதைக் கொல்ல, வைக்கோலோ தென்னை நார்க்கழிவோ கலந்து குவித்து மட்க வைக்க வேண்டும். கசடு பற்றிய அமெரிக்காவின் 1993 விதிப்படி, நீளக் குவியலாகப் போட்டால் 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள், அதற்குள் 5 முறை புரட்டல். கையை விட்டுப் பார்த்து "சூடாத்தான் இருக்கு" என்பது கணக்கில் சேராது, தெர்மாமீட்டர் வேண்டும். ஐப்பசி மழையில் குவியலைத் திறந்து போட்டால் சூடே ஏறாது.

கக்கூஸ் லாரியில் வருவதை இதோடு சேர்க்கவே கூடாது. அது எந்தச் சுத்திகரிப்பும் ஆகாதது.

சரி, மட்க வைத்தாயிற்று, இனி பயமில்லை என்று நினைப்பது அடுத்த தவறு. ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் சூட்டுக்குப் போகாது. சொல்லப்போனால், மட்கும்போது மற்றதெல்லாம் கரைந்து குவியல் சுருங்க, ஒரு கிலோவில் உலோகத்தின் அளவு கூடத்தான் செய்யும். முலாம் பூசும் பட்டறைத் தண்ணீர் சாக்கடையில் கலந்தால் குரோமியமும் நிக்கலும் கசடில்தான் வந்து தங்கும். நகரக் கழிவு உரத்துக்கு நம் உரக் கட்டுப்பாட்டு ஆணை வைத்திருக்கும் உச்ச அளவு, கிலோவுக்குக் காட்மியம் 5 மில்லிகிராம், குரோமியம் 50, நிக்கல் 50, ஈயம் 100. ஆய்வக ரிப்போர்ட் கேளுங்கள். போன வருஷத்து ரிப்போர்ட் வேண்டாம், இந்த லோடுடையது வேண்டும்.

மச்சான் போட நினைத்ததோ கீரைப் பாத்தியில். நான் சண்டை போட்டது அதற்குத்தான். இலைக்காய்கறிகள் காட்மியத்தை நன்றாகவே உறிஞ்சும். கிருமி முழுதாக நீங்காத கசடைப் போட்டால், மண்ணில் படும் பயிரை 14 மாதம் கழித்துத்தான் அறுக்கலாம் என்கிறது அதே அமெரிக்க விதி. முள்ளங்கி போன்ற கிழங்கு என்றால் குறைந்தது 20 மாதம். நம் முளைக்கீரையை 25 நாளில் பிடுங்கி விடுகிறோம்! பொன்னேரி பக்கத்துச் சவுக்குத் தோப்புக்குப் போட்டால் இந்தக் கவலை குறைவு.

அளவிலும் தப்பு நடக்கிறது. பிழிந்து வரும் கசடில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்; 5 டன்னில் திடப்பொருள் ஒரு டன்தான். அதில் தழைச்சத்து 3 சதவீதம் என்று வைத்தால் 30 கிலோ, முதல் வருஷம் பயிருக்குக் கிடைப்பது அதில் கால்வாசி. பச்சை வரவில்லையே என்று மேலும் இரண்டு லோடு கொட்டினால், மணிச்சத்தும் உலோகமும்தான் மண்ணில் ஏறிக்கொண்டே போகும். சாம்பல்சத்தோ தண்ணீரோடு போய்விடுவதால் கசடில் மிகக் குறைவு. அதற்குப் பொட்டாஷ் உரம் தனியாக வைத்தாக வேண்டும். போடுவதற்கு முன் மண்ணைப் பரிசோதித்து விடுங்கள். மண் புளித்திருந்தால், அதாவது அமில மண்ணாக இருந்தால், உலோகம் எளிதாக வேருக்குப் போகும்.

மீஞ்சூர் பக்கம் கடல்நீர் ஏறிய போர்வெல் வைத்திருப்பவர்கள் கசடில் உள்ள உப்பையும் பார்க்க வேண்டும். புழல், சோழவரம் ஏரிகள் சென்னைக்குக் குடிநீர் தருபவை. கரையோரத்திலோ ஓடை ஓரத்திலோ, மழைக்கு முந்தின நாளிலோ இதைக் கொட்டாதீர்கள். அள்ளும்போது கையுறை, பூட்ஸ்.

லோடு கொடுத்தவர் ரிப்போர்ட் கேட்டதிலிருந்து போன் எடுப்பதில்லை. குவியல் வரப்போரம் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. கீரையை மச்சான் பழைய சாணி எருவில்தான் விதைத்தார்.