மினிடிவி நாடாக் காட்சிகளைத் தொகுப்புக்குத் தயார்செய்தல்

பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் பதிவான மினிடிவி (MiniDV) என்ற சிறிய டிஜிட்டல் வீடியோ நாடாவில் நொடிக்கு 25 சட்டகங்கள் (முழுப் படங்கள்) இருப்பதாகச் சொன்னாலும், ஒவ்வொன்றும் இருவேறு கணங்களில் பிடிக்கப்பட்ட ஒற்றைப்படை, இரட்டைப்படை வரிகளின் பின்னல் என்பதால், கணினித் திரையில் அசையும் உருவங்களின் ஓரம் சீப்புப் பல்லைப்போலத் தெரிகிறது. எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) மென்பொருளின் பிவ்டிஃப் (bwdif) வடிகட்டியைக் கொண்டு பின்னலைப் பிரிக்கும்போது, ஒவ்வொரு புலத்தையும், அதாவது ஒரே கணத்தில் பிடிக்கப்பட்ட வரிகளின் தொகுதியையும், தனிச் சட்டகமாக்கி நொடிக்கு 50 சட்டகங்களாக வெளியிடுங்கள். 25 போதுமென்று விட்டால் அசைவின் இழைவில் பாதி போய்விடும். மினிடிவியில் கீழ்ப்புலமே (bottom field) முதலில் வரும். வரிசையை மாற்றிக் கொடுத்தால் நடப்பவர் முன்னும் பின்னும் துடிப்பார். பின்னலைப் பிரித்த பிறகே பட அளவை மாற்ற வேண்டும்.

தொகுப்புக்கு, ஒவ்வொரு சட்டகத்தையும் தனித்தனியே சுருக்கும் புரோரெஸ் (ProRes) 422 அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் (DNxHR) கோடெக்கை, அதாவது வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறையை, தேர்ந்தெடுப்பது நல்லது. கோப்பு பெருத்தாலும் வெட்டும் வேலை தடைபடாது. எச்.264 (H.264) என்ற கோடெக் இறுதிப் பிரதிக்கு உரியது. மூலக் கோப்பை மட்டும் அழிக்காதீர்கள்.