மொட்டைமாடியிலிருந்து காமா கதிர் வெடிப்பின் பின்னொளியைப் பிடிக்க

தொலைதூர விண்மீன் மண்டலத்தில் திடீரென்று மின்னி மறைவது காமா கதிர் வெடிப்பு; அதைத் தொடர்ந்து மங்கிக்கொண்டே போகும் ஒளி பின்னொளி. 1999 ஜனவரி 23 வெடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அதன் ஒளியைப் பிடித்தது பெரிய ஆடி இல்லை, 11 செ.மீ. கேமரா லென்ஸ்களைப் பூட்டிய ‘ரோட்சி’ தானியங்கிக் கருவி. வெடிப்பின் 22ஆம் நொடியில் அது படம் எடுக்கத் தொடங்கியது. 47ஆம் நொடியில் வெடிப்பின் ஒளி பொலிவெண் 9ஐத் தொட்டது. சென்னைத் தண்டையார்பேட்டை மாடிக்கு இதுதான் தெம்பு. (பொலிவெண் என்பது வான்பொருளின் ஒளியளவு; எண் கூடினால் மங்கல். அந்தக் கணக்கை வகுத்த போக்சன் 30 ஆண்டு வேலை பார்த்தது நம் நுங்கம்பாக்கத்தில்.)

பின்னொளி ஏறக்குறைய நேரத்துக்கு எதிர்விகிதத்தில் மங்கும். முதல் நிமிடத்தில் 13 என்றால், பத்தாவதில் 15.5, நூறாவதில் 18. நம் வானத்தில் 8 அங்குல ஆடி 16ஐத் தாண்டுவதே பாடு. எனவே ஆடிக்குச் செலவழிப்பதைவிட நொடிகளை மிச்சம் பிடியுங்கள்.

8 அங்குல எஃப்/4 நியூட்டோனியன் (ஆடித் தொலைநோக்கி), 800 மி.மீ. குவியநீளம், 3.76 மைக்ரான் பிக்சல்: பிக்சலுக்கு 0.97 ஆர்க்செகண்ட் (டிகிரியில் 3600இல் ஒரு பங்கு). 3008 பிக்சல் சென்சாரில் 48 ஆர்க்மினிட் (டிகிரியில் 60இல் ஒரு பங்கு) அகலம் கிடைக்கும். ஸ்விஃப்ட், ஸ்வோம் செயற்கைக்கோள்கள் தரும் இடக்குறிப் பிழை அதற்குள் அடங்கும். ஃபெர்மி செயற்கைக்கோளின் பிழை பல டிகிரி, அதை விட்டுவிடுங்கள்.

வெடிப்புச் செய்திகளை உடனுக்குடன் அனுப்பும் நாசாவின் ஜிசிஎன் வலையமைப்பில் கணக்கு இலவசம். பைத்தான் நிரல் காஃப்கா என்ற செய்தியோடை மென்பொருள் வழியாகச் செய்தியைக் கேட்கட்டும். சோதனைச் செய்திகளும் அதே வழியில் வரும். செய்தியின் ‘ரோல்’ புலத்தில் ‘அப்சர்வேஷன்’ என்றிருந்தால் மட்டும் மவுண்ட் (தொலைநோக்கியைத் திருப்பும் தாங்கி) நகரணும். பிறகு மூன்று கேள்வி: சூரியன் அடிவானுக்கு 12 டிகிரி கீழே இருக்கிறதா, இலக்கு 30 டிகிரிக்கு மேலே இருக்கிறதா, நிலா பக்கத்தில் இருக்கிறதா? சென்னையிலிருந்து டெக்லினேஷன் (வான நடுக்கோட்டுக்கு வடக்கே +, தெற்கே - என அளக்கும் கோணம்) -47 முதல் +73 வரைதான் அந்த உயரத்தை எட்டும். கிழக்கே காசிமேட்டு விளக்குகள் இருப்பதால் அந்தப் பக்கம் 40 டிகிரி வையுங்கள்.

பலர் கோட்டை விடுவது கேமராவில். செய்தி வந்த பிறகு குளிரூட்டத் தொடங்கினால் பத்து நிமிடம் போச்சு. 30 டிகிரி இரவில் -10ஐத் துரத்த வேண்டாம். மாலையிலேயே 0 டிகிரியில் நிறுத்துங்கள், டார்க் படங்களையும் (மூடியைப் போட்டு எடுக்கும் இருட்டுப் படங்கள்) அதே வெப்பநிலையில் எடுத்து வைக்கலாம். குவியத்தை மாலையிலும் நள்ளிரவிலும் சரிபார்த்து, குழாயை உச்சி நோக்கி நிறுத்துங்கள். நொடிக்கு 3 டிகிரி நகரும் மவுண்ட் பெரும்பாலான இலக்குகளை அரை நிமிடத்துக்குள் அடையும்.

சிவப்பு வடிகட்டி, முதலில் 10 நொடிப் படம் 30, அடுத்து 30 நொடிப் படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் குழாயைச் சில பிக்சல் தள்ளுங்கள், இல்லாவிட்டால் சூடான பிக்சல் புது நட்சத்திரமாக வேஷம் போடும். அடுக்கிய படத்தைப் பான்ஸ்டார்ஸ் என்ற வானத் தொகுப்பின் பழைய படத்தோடு ஒப்பிடுங்கள் (அது டெக்லினேஷன் -30க்குத் தெற்கே கிடையாது). புதுப்புள்ளி மங்கிக்கொண்டே போகணும், நகர்ந்தால் சிறுகோள்.

உப்புக்காற்றும் எண்ணூர்க் கரித்தூசியும் ஆடியைத் தின்னும். காத்திருக்கும்போது கூரை திறந்திருக்கலாம், குழாயின் மூடி மட்டும் மோட்டாரில் இருக்கட்டும்; இலக்கு வந்தபின் திறந்தால் போதும். வடகிழக்குப் பருவமழையில் மழை சென்சார் இல்லாமல் கூரையைத் திறக்காதீர்கள்.

எதுவும் தெரியாவிட்டாலும், எத்தனை பொலிவெண் வரை பார்த்தீர்கள் என்று ஜிசிஎன் சுற்றறிக்கையாக அனுப்பலாம். படங்களின் நடுநேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரம்) குறியுங்கள்: இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் கழிக்க மறந்தால், உண்மையைவிட ஐந்தரை மணி நேரம் பிந்திப் பின்னொளியைப் படம் பிடித்ததாகிவிடும்.