மலைநாட்டில் எயார் பிஸ்டலுக்கு எந்தப் பெல்லட்?

கொழும்பில் குறி அட்டையில் பத்துப் புள்ளிக்கும் ஒன்பதுக்கும் இடையில் ஓடிக்கொண்டிருந்த என் கை, நுவரெலியாவுக்கு மாற்றலாகி வந்த முதல் வாரமே எட்டுக்கு இறங்கிவிட்டது. அதே எயார் பிஸ்டல், அதே டின் பெல்லட் (காற்று தள்ளும் சின்ன ஈயக்குண்டு), அதே பத்து மீற்றர். குண்டுகள் சிதறவும் இல்லை. எல்லாம் சேர்ந்தாற்போல் ஒரு வளையம் கீழே போய் உட்கார்ந்தன. பெல்லட் சரியில்லை என்று நினைத்து மூன்று டின் வாங்கிப் பணத்தைக் கரைத்தேன். நீங்களும் கரைக்க வேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

பிடி, நிற்கும் விதம், மூச்சு, விசையை அழுத்துவது பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றை உங்கள் பயிற்றுநர் சொல்லித் தருவார். அனுமதிப் பத்திரங்கள் பற்றிச் சங்கத்திலும் பொலிஸ் நிலையத்திலும் கேட்டுத் தெரிந்துகொண்டு, சங்கத்துக் கூடத்திலேயே பழகுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடாதவரை என் பக்கத்தில் நிற்க விடமாட்டேன். தகரத்தில் பட்டுத் திரும்பி வரும் ஈயத்துக்கு நீங்கள் புதியவரா பழையவரா என்று தெரியாது.

அமெரிக்காவில் ரிவால்வரால் குறிபார்த்துச் சுடுபவர்கள் பலர் தங்கள் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்கிறார்கள். .38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர்த் தோட்டாவுக்கு எடை குறைந்த ஈயக்குண்டு வைத்து, வேகமாக எரியும் வெடிமருந்துப் பொடியில் கொஞ்சம் போட்டால் கையில் உதை குறையும். எந்தப் பொடி நல்லது என்று நாள் கணக்கில் வாதாடுவார்கள். நம் நாட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, உரிமம் இல்லாமல் வெடிமருந்து வைத்திருந்தால் குற்றம். எயார் பிஸ்டலில் பொடிக்கும் வேலையில்லை. தள்ளுவது காற்று, தள்ளப்படுவது பெல்லட். தெரிவு செய்ய நம் கையில் மிஞ்சுவது பெல்லட் மட்டுந்தான்.

முதலில் மூக்கைப் பாருங்கள். கடையில் கூர்மூக்கு, உருண்டை மூக்கு, தட்டை மூக்கு என்று பல இருக்கும். தட்டை மூக்கை மட்டும் எடுங்கள். அது அட்டையில் கத்தரித்தாற்போல் வட்டத் துளை போடும். கூர்மூக்கு அட்டையைக் கிழித்துவிடும், பிறகு புள்ளி பார்ப்பவரோடு சண்டை போட வேண்டியதுதான். பத்து மீற்றர் பிஸ்டல் அட்டையில் நடு வட்டமான பத்தின் விட்டம் 11.5 மில்லிமீற்றர், அடுத்த ஒவ்வொரு வளையமும் 8 மில்லிமீற்றர் அகலம். பெல்லட் 4.5 மில்லிமீற்றர். கோட்டைத் தொட்டாலே மேல் புள்ளி கிடைக்கும் என்பதால் துளையின் ஓரம் சுத்தமாக இருப்பது பெரிய விஷயம்.

அடுத்தது எடை. நான் வழுக்கி விழுந்த இடம் இது.

கொழும்பில் எனக்குக் கிடைத்தது ரைபிள்காரர்களின் டின். ஒரு பெல்லட் 0.53 கிராம். கனமான குண்டு நேராகப் போகும் என்று யாரோ சொன்னதையும் நம்பிக்கொண்டு அதையே சுட்டு, பின்பக்கக் குறியையும் அதற்கே திருப்பி வைத்திருந்தேன். மலைக்கு வந்து ஒரு வளையம் இறங்கியதும் குறியை மேலே திருப்பினேன். அது சரிதான், ஆனால் காரணம் தெரியாமல் திருகாணியைத் திருப்புவது காய்ச்சலுக்குப் போர்வை போர்த்துவது மாதிரி.

காரணத்தைச் சொன்னவர் தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் லயத்துப் பக்கத்து வீட்டு மாமா. துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. காற்றடிக்கும் நெம்பை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இது காத்தை எங்கேருந்து எடுக்குது புள்ள?"

"இங்கேருந்துதான் மாமா. ஒரு தடவை இழுத்து மூடினா ஒரு வெடிக்குப் போதும்."

"அப்ப இங்க இருக்கிற காத்துதானே உள்ள போகும்? கொழும்புல பருப்பு வேகுற நேரத்துக்கா இங்க வேகுது?"

அவ்வளவுதான். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரம். இங்கே காற்றமுக்கம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுவதும், பருப்பு வேக மறுப்பதும் அதனால்தான். ஒரே இழுப்பில் காற்றை அடைக்கும் பிஸ்டல், சுற்றியுள்ள காற்றைத்தான் உருளைக்குள் பிடித்து நசுக்குகிறது. மெலிந்த காற்றைப் பிடித்தால் உள்ளே சேரும் காற்றும் ஐந்தில் ஒன்று குறையும், அதே அளவுக்குத் தள்ளும் சக்தியும் குறையும். சக்தி ஐந்தில் ஒன்று குறைந்தால் வேகம் ஏறக்குறைய பத்தில் ஒன்று குறையும்.

அன்றிரவு ஒரு கொப்பித்தாளில் கணக்குப் போட்டேன். செக்கனுக்கு 120 மீற்றர் வேகத்தில் புறப்படும் பெல்லட், பத்து மீற்றர் போவதற்குள் 34 மில்லிமீற்றர் விழும். 108 மீற்றர் வேகத்தில் 42 மில்லிமீற்றர். வித்தியாசம் 8. சரியாக ஒரு வளையம்! மூன்று டின் காசை நினைத்துச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

கீழே விழுவதைக் குறியால் சரிசெய்துவிடலாம். ஆனால் வேகம் குறைந்த பெல்லட் குழலுக்குள் அதிக நேரம் இருக்கும். அந்த நேரமெல்லாம் கை ஆடும். புதியவர் கை இன்னும் ஆடும். அதனால் எடையைக் குறையுங்கள். 0.53 இலிருந்து 0.45 கிராமுக்கு இறங்கினால், அதே சக்திக்கு வேகம் கணக்குப்படி 8 வீதம் ஏறும். மலையேறி இழந்ததில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். உதையும் ஒரு நூல் குறையும். ஏற்கெனவே இல்லாத உதைதான், ஆனாலும் குறையும்.

0.45 கிராமில் ஆர்டபிள்யூஎஸ் கம்பனியின் ஹொபி மலிவானது, பழகப் போதும். அதே கம்பனியின் மைஸ்டர்குகெல்ன் பிஸ்டல் வகையும் 0.45 தான், சீராக இருக்கும். அதிலேயே 0.53 கிராம் ரைபிள் வகையும் உண்டு, டின்னை மாற்றி எடுத்துவிடாதீர்கள். அவர்களுடைய ஆர் 10 என்ற பெல்லட் போட்டிக்கானது. முதல் ஆறு மாதத்துக்கு அதை வாங்குவது வீண் செலவு என்பது என் எண்ணம்.

பெல்லட்டின் தலை விட்டம் சில டின்களில் 4.49, 4.50 என்று எழுதியிருக்கும். எது உங்கள் குழலுக்குப் பொருந்தும் என்று யாராலும் சொல்ல முடியாது, உங்கள் குழல்தான் சொல்லும். அதற்குத்தான் அடுத்த வேலை.

ஒரு பழைய மேஸில் அரிசி நிரப்பி முடிச்சுப் போடுங்கள். மேசையில் அதை வைத்து, அதன்மேல் பிஸ்டல் பிடித்த கையைச் சாய்த்துச் சுடுங்கள். உங்கள் கை ஆட்டம் கலக்காமல் பெல்லட்டை மட்டும் சோதிக்க வேண்டும். பத்து மீற்றரை அளவு நாடாவால் அளந்து வையுங்கள். காலடி எண்ணாதீர்கள்.

ஒரு வகை பெல்லட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறியதும் முதல் பத்துப் பதினைந்து வெடியைக் கணக்கில் எடுக்காதீர்கள். பழைய பெல்லட்டின் ஈயம் குழலுக்குள் ஒட்டியிருக்கும், புதியது அதை வழித்துத் தன் பூச்சைப் போட நேரம் எடுக்கும். இது தெரியாமல் நல்ல டின் ஒன்றை நான் பக்கத்துப் பையனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். அவன் இப்போது அதை வைத்தே என்னைவிட நன்றாகச் சுடுகிறான்.

அதற்குப் பிறகு ஒவ்வோர் அட்டையிலும் ஐந்து வெடி, ஒரு வகைக்கு ஐந்து அட்டை. ஓர் அட்டையில் விழுந்த ஐந்து துளையும் ஒரு கூட்டம்; ஒவ்வொரு கூட்டத்திலும் மிகத் தூரமான இரண்டு துளைகளின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம்வரை வேர்னியரால் அளந்து, அதிலிருந்து 4.5 மில்லிமீற்றரைக் கழியுங்கள். ஐந்து அட்டையின் சராசரியை எழுதுங்கள். ஒரே ஒரு அழகான அட்டையைக் கண்டு மயங்கினால் நான் செய்ததையே செய்வீர்கள். கூட்டம் எங்கே விழுகிறது என்பதைப் பார்க்காதீர்கள், எவ்வளவு நெருக்கமாக விழுகிறது என்பதைத்தான் பாருங்கள். இடத்தைத் திருகாணி பார்த்துக்கொள்ளும்.

நகைக்கடைத் தராசில் ஒவ்வொரு பெல்லட்டாக நிறுத்துப் பிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பொறுமையும் இல்லை, பயனும் தெரியவில்லை. அதைவிட ஒரு கண்ணாடித் தட்டில் உருட்டிப் பாருங்கள். பாவாடை, அதாவது பெல்லட்டின் விரிந்த பின்பக்கம், நசுங்கியது தள்ளாடிக்கொண்டு போகும், அதை எடுத்து வீசுங்கள். மலைப்பாதையில் பஸ்ஸில் குலுங்கி வந்த டின்னில் இப்படி நிறைய இருக்கும்.

பின்சேர்க்கை: பண்டாரவளையிலிருந்து ஒருவர், போட்டிக்குக் கொழும்பு போனபோது தனக்கு எல்லாம் மேலே போனதாக எழுதியிருந்தார். நான் இறங்கிய படியில் அவர் ஏறியிருக்கிறார். போட்டிக்கு முன் ஆயத்தத்துக்கும் சோதனை வெடிக்கும் 15 நிமிடம் தருவார்கள், அதில் குறியை இறக்கிக்கொள்ளுங்கள். திருகாணியை எத்தனை சொடுக்குத் திருப்ப வேண்டும் என்று வீட்டிலேயே குறித்து வைத்தால் அங்கே வியர்க்காது.

இன்னொரு பின்சேர்க்கை: காபனீரொட்சைட்டுக் குப்பி போடும் பிஸ்டலுக்கு உயரக் கணக்கு பொருந்தாது, குளிர்க் கணக்குத்தான். குப்பிக்குள் 20 பாகையில் 57 பார் அமுக்கம், 10 பாகையில் 45 தான். தை மாத விடியலில் நுவரெலியாவில் அது சோம்பிப் போகும். வெடிக்கு வெடி ஒரு நிமிடமாவது இடைவெளி விடுங்கள், விடாமல் சுட்டால் குப்பி இன்னும் குளிரும். அடுப்படியில் வைத்துச் சூடாக்கலாமா என்று கேட்டவருக்கு: கூடாது. குப்பி வெடிக்கும். அறைச் சூட்டில் ஒரு மணித்தியாலம் வைத்தாலே போதும்.

டின்னுக்குள் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறதாமே என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். நம் பனிமூட்டத்தின் ஈரம் பட்டு ஈயம் பூத்ததுதான் அது. அந்தப் பெல்லட்டை ஊதிவிட்டுச் சுடாதீர்கள், பொடி மூக்குக்குள் போகும். டின்னோடு ஒதுக்கிவிடுங்கள். புது டின்னுக்குள் சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பை ஒன்றைப் போட்டு இறுக்கி மூடுங்கள். சுட்டு முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவிய பிறகுதான் ரொட்டியைத் தொட வேண்டும்.